அத்தான் ஒட்டிய ஜன்னல்கள்

என் அத்தானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் எனக்கும் ஆசை. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், செருப்பை வாசலில் நேராகக் கழற்றி விடுவார். அவ்வளவுதான், சரக்கு தீர்ந்துவிட்டது. இனிமேல் எழுதுவதெல்லாம் உண்மை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஒரு பெரிய மரச்சாமான் கடையில் மேற்பார்வையாளர் வேலை. சோபாக்கள் முடிந்து மாடிப்படி தொடங்கும் இடத்தில் அவருக்கு ஒரு மேசை. போகிறவன் வருகிறவன் எல்லாம் அவர் என்ன சாப்பிடுகிறார், எப்போது கொட்டாவி விடுகிறார் என்று பார்த்துக்கொண்டே போகலாம். மேனேஜர்களுக்கு மட்டும் கண்ணாடி அறை. அந்தக் கண்ணாடியில் தலை உயரத்துக்கு வெள்ளை ஃபிலிம் ஒட்டியிருக்கும். உள்ளே ஆள் இருப்பது நிழலாகத் தெரியும், என்ன செய்கிறார் என்பது தெரியாது. மூக்கைத்தான் நோண்டிக்கொண்டிருந்தாரோ என்னவோ, அத்தானுக்கு அது ராஜாங்கம். வேலையில் இருந்த காலம் முழுக்க அந்த மங்கல் கண்ணாடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டே காலத்தை ஓட்டினார். இரண்டு முறை அறை காலியானது. இரண்டு முறையும் அவருக்குக் கீழே வேலை பழகியவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அத்தான் சோபாவுக்கும் மாடிப்படிக்கும் நடுவிலேயே ஓய்வு பெற்றார்.

பெற்ற ஓய்வை எடுத்துத் தொலைத்திருக்கலாம். அதுதான் இல்லை. வீட்டுக்கு வந்த கையோடு ஒரு சுருள் ஃபிலிம், ஒரு கட்டர், ஒரு ரப்பர் பட்டை, தண்ணீர் பீச்சுகிற பாட்டில் எல்லாம் வாங்கிவந்து, கடை அவருக்குக் கொடுக்காத அறையை வீட்டில் கட்ட ஆரம்பித்தார். முதலில் புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவு. உள்ளே இருந்தது பழைய டெலிபோன் டைரக்டரியும் உடைந்த டார்ச் லைட்டும். அதற்கு மறைப்பு! பிறகு படுக்கையறை ஜன்னல், மாடிப்படி ஜன்னல், செருப்பு வைக்கிற பெட்டி. சோப்புத் தண்ணீரைப் பீச்சி, ஃபிலிமை ஒட்டி, ரப்பர் பட்டையால் தேய்த்துத் தேய்த்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுவார். நடுவில் ஒரு காற்றுக் குமிழ் எழும்பினால் போதும், உலகமே அவருக்கு எதிராகச் சதி செய்கிற மாதிரி முகம் போகும். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

சமையலறை ஜன்னலுக்கு அவர் அளவெடுத்தபோது நான் அங்கே இருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

"அத்தான், இந்த ஜன்னலுக்கு எதிர்ல வெறும் சுவருதானே இருக்கு? சுவரு எட்டிப் பாக்குமா?"

"உனக்குப் புரியாது. பிரைவசின்னு ஒண்ணு இருக்கு."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அவர் கழுத்து ஒரு விரல்கடை நீளும். கடையில் கண்ணாடி அறை மேனேஜர் யாராவது சொல்லிக் கேட்டிருப்பார் போல.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். வீட்டுக்குள் இருட்டு ஏறியது, பகலிலேயே விளக்குப் போட வேண்டியதாயிற்று, அக்கா உப்பு டப்பாவைத் தடவி எடுத்தாள். போய்த் தொலையட்டும் என்று விட்டோம். முன் ஜன்னல் மேல் கை வைத்தாரே, அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

முன் ஜன்னல் அக்காவுடையது. அக்காவின் தையல் மெஷின் அதன் உள்பக்கம் இருந்தது, கனமான இரும்புக் கால்கள், நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். ஆல்டரேஷன் வேலை அவளுக்கு. பேண்ட் மடிப்பு, ஜிப் மாற்றுவது, இடுப்பில் பிடித்து விடுவது, பிரித்து விடுவது. தெருவில் யாருக்கு உடம்பு பெருத்தாலும் முதலில் அக்காவுக்குத்தான் தெரியும். நர்ஸ் ஒருத்தி யூனிஃபார்மை நீட்டுவாள், வேன் டிரைவர் கிழிந்த சட்டையைச் சுருட்டிக் கம்பி வழியாக உள்ளே தள்ளுவார், "அக்கா, சாயங்காலம் வாங்கிக்கறேன்" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஜன்னலில் அக்கா தெரிவாள், அதுதான் போர்டு. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அது. நாள் முழுக்க அங்கே நாலு குரல் கேட்கும், அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும்.

எங்கள் சித்தி படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ள அக்கா போய்த் தங்கினாள். அந்த நேரம் பார்த்து அத்தான் வேலையை முடித்துவிட்டார். மெஷினை நகர்த்த முடியவில்லை, அதனால் முன் ஜன்னல் கதவைச் சாத்தி, தெருப்பக்கம் நின்று வெளியிலிருந்தே, இனித் திறக்க முடியாதபடி இடுக்கோடு சேர்த்து முழுக்க வெள்ளையாக ஒட்டிவிட்டார். பையோடு வந்த அக்கா, அடையாளம் தெரியாமல் வீட்டைத் தாண்டி நாலு அடி போய்த்தான் திரும்பினாளாம்.

"எப்படி இருக்கு?" என்று அத்தான் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். பரிசு வாங்கப் போகிற மாதிரி முகம்.

"எனக்கு வெளிச்சம் வேணுங்க. கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டணும்."

"டியூப் லைட் போட்டுக்கோ."

"நான் உக்காந்திருக்கறது தெரிஞ்சாத்தாங்க துணி கொண்டு வருவாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். தெரியக் கூடாது. ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். என் பொண்டாட்டி ரோட்டப் பாத்து உக்காந்து ஊரான் பேண்ட்டுக்கு ஜிப் வச்சா நாலு பேர் என்ன நினைப்பான்?"

ஆபீசராம் ஆபீசர்! நாலு பேராம்! அந்த நாலு பேர் யார் என்று கடைசிவரை அவரால் சொல்ல முடியாது. அக்காவின் மெஷின் ஓடித்தான் இந்த ஆபீசர் வீட்டில் பாதி நாள் அடுப்பு எரிந்தது என்பதை அவர் எந்த ஃபிலிம் போட்டு மறைத்தாரோ தெரியாது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரையே சுருட்டி அந்த ஃபிலிம் சுற்றிவந்த அட்டைக் குழாயில் செருகியிருப்பேன்.

அக்கா சண்டை போடவில்லை. அவளுக்கு அது வராது. வேலை மட்டும் மெல்ல மெல்ல நின்றது. கடையை மூடிவிட்டாள் என்று தெரு நினைத்துக்கொண்டது. நர்ஸ் வேறு இடம் பார்த்துக்கொண்டாள். வேன் டிரைவர் ஒருநாள் வந்து மூடிய ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சட்டையோடு திரும்பிப் போனதை நானே பார்த்தேன். அக்கா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள், அத்தான் கதவைச் சாத்தினார். கடைசியில் மெஷின் மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டாள். ஜன்னல் போய், வேலை போய், அவளுக்கு மிச்சம் இருந்தது சமையலும் அத்தானும். பாவம், எதில் போய் ஆறுதல் தேடுவாள்?

இத்தோடு அத்தான் நிறுத்தியிருந்தால் இந்தக் கதை கிடையாது. குளியலறை ஜன்னல் பாக்கி இருந்தது. அதில் பிறவியிலேயே மங்கல் கண்ணாடி, உள்பக்கம் தொட்டால் சொரசொரவென்று இருக்கும். "லைட் போட்டா நிழல் தெரியுது" என்று அதற்கும் ஒரு குறை கண்டுபிடித்தார். கடையில் போய் ஆராய்ச்சி செய்து, இந்த முறை அலங்காரமான சரக்காக வாங்கிவந்தார். கண்ணாடி போன்ற தாள், அதில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் பெரிய பூக்கள்.

"மங்கல் மேல மங்கல். டபுள்," என்று எனக்குப் போன் போட்டுச் சொன்னார். இதற்கெல்லாம் போன்.

குளியலறை வீட்டின் பின்பக்கம். ஜன்னலுக்குக் கீழே மதில், மதிலை ஒட்டிப் பஸ் ஸ்டாப். நான் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன், தினமும் அங்கேதான் பஸ் ஏறுவேன். அவர் ஒட்டி முடித்து ஒரு வாரம் போயிருக்கும். பஸ் வரவில்லை, சும்மா நிமிர்ந்து பார்த்தேன். அய்யய்யோ! பூவுக்கும் பூவுக்கும் நடுவில் என் அத்தான் நிற்கிறார். மார்புக்கு மேலே முழுசாக. தலை நிறைய சோப்பு நுரை. கண்ணாடியே இல்லாத மாதிரி அவ்வளவு பளிச்சென்று.

சரி, அவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். எங்கே தெரியும்? அவருடையது சோடா புட்டிக் கண்ணாடி. ஆவி படியும் என்று அதைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். அது இல்லாவிட்டால் எதிரே நிற்பது நானா என் நிழலா என்று தெரியாது. அவர் கண்ணுக்கு ஜன்னல் வெள்ளையாகத்தான் இருந்தது, வானமும் வெள்ளை, பஸ்ஸும் வெள்ளை.

குளித்துவிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. மனிதர் உள்ளே ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கும். அதைப் பார்த்து இரண்டு விரலால் யாரையோ கூப்பிடுகிறார். உதட்டைப் பிதுக்குகிறார். தலையை ஆட்டி, "அப்புறம் வா" என்று கையை வீசுகிறார். தாடையைத் தடவிக்கொண்டு யோசிக்கிறார். நெஞ்சை நிமிர்த்தி யாருக்கோ கை கொடுக்கிறார். நுரை காதில் வழிகிறது, அதுகூடத் தெரியாமல் கம்பீரம்!

பஸ் ஸ்டாப்புக்கு இது புதிதில்லை என்று பிறகுதான் புரிந்தது. காலேஜ் பசங்கள் அவருக்குச் 'சேனல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "சேனல் வந்தாச்சா?" என்று ஒருவன் கேட்டான். "வந்தாச்சு, இன்னைக்கு யாரையோ வேலையை விட்டுத் தூக்கறார்," என்றான் இன்னொருவன். சாப்பாட்டுப் பை வைத்திருந்த ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். என் சொந்த அத்தான் என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை, சொல்வேனா?

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனபோது அத்தான் என்னிடம் பெருமையடித்தார். "பாத்தியா, ஜன்னல் எல்லாம் ஒட்டினதுக்கப்புறம் ஜனங்க நம்மளப் பாக்கற பார்வையே வேற. பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தா எல்லாரும் மரியாதையா சிரிக்கிறாங்க."

சோறு மூக்கில் ஏறி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவளும் அங்கேதானே குளிக்கிறாள்! மறுநாள் சீக்கிரமே ஸ்டாப்புக்குப் போய் நின்றேன். அத்தானுக்கு முன்னால் அக்கா குளிப்பாள். ஜன்னலில் அக்காவின் கை தெரிந்தது. ஒரு நீலத் துண்டை மேலே இருந்த இரண்டு ஆணியில் மாட்டினாள். ஜன்னல் முழுக்க மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே கை வந்து துண்டை எடுத்துக்கொண்டு போனது. அடுத்து அத்தான் வந்து சபையைக் கூட்டினார். நான் அப்படியே நின்றேன், என் பஸ் போனதே தெரியவில்லை.

அன்று மாலை அத்தான் வெளியே போன நேரம் பார்த்துப் போனேன். அக்கா வாசல் படியில் வெளிச்சத்துக்காகக் குனிந்து உட்கார்ந்து ஒரு பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"எது?"

"பாத்ரூம் ஜன்னல்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஒட்டறதுக்கு முன்னாடியே." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போன வருஷம் அந்தக் கண்ணாடியில சின்னதா விரிசல் விட்டுச்சே, நான் அதுமேல டேப் ஒட்டினேன். டேப் ஒட்டின இடம் மட்டும் பளிச்சுனு ஆயிடுச்சுடி. அந்தச் சொரசொரப்புல பசை போய் அடைஞ்சுட்டா சாதாக் கண்ணாடிதான். பஸ் நம்பரையே படிக்கலாம்."

"அவர்கிட்ட சொல்றதுதானே!"

"சொல்ல வாயெடுத்தேன். 'நீ ஏணியப் பிடி'ன்னாரு. பிடிச்சேன். ஒட்டும்போதே அப்படித்தான் தெரிஞ்சுது. 'ஈரம் காஞ்சா வெள்ளையாயிடும்'னு அவரே சொல்லிக்கிட்டாரு."

"இப்பவாவது சொல்லு. ஊரே சிரிக்குது."

"முன் ஜன்னலப் பிரிக்கட்டும். சொல்றேன்."

அடேங்கப்பா! எங்கள் வீட்டிலேயே சாது என்று பேர் எடுத்தவள் இவள். அத்தானை நான் வாய் வலிக்கத் திட்டிக்கொண்டிருந்த நாள்களில் எல்லாம் இவள் காலையில் துண்டை மாட்டி, துண்டைக் கழற்றி, பேசாமல் காபி போடப் போயிருக்கிறாள். எனக்குச் சந்தோஷத்தில் கை தட்டலாம் போல இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அவள் அவருக்கு இன்னொரு வாய்ப்பும் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு என் எதிரிலேயே கேட்டாள். "என்னங்க, முன் ஜன்னல மட்டும் பிரிச்சுடுங்க. உங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன்."

"உன் விஷயத்தக் கேட்டு எனக்கு என்ன ஆகப் போகுது? அந்தப் பேச்சையே விடு," என்றார் அத்தான், தட்டிலிருந்து நிமிராமல்.

விட்டுவிட்டாள். காட்சி தொடர்ந்தது. ஒருநாள் மட்டும் உள்ளே வேறு மாதிரி நடந்தது. அத்தான் யாரையும் கூப்பிடவில்லை, துரத்தவில்லை. கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, "சார்... சார்..." என்று உதடு மட்டும் அசைய நின்றார். காலேஜ் பசங்களே பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. அந்த மனிதருக்காகப் பாவப்பட வேண்டியிருக்கிறதே என்று உடனே எரிச்சலும் வந்தது. அத்தனை வருஷம் கண்ணாடி அறைக்காரர்களிடம் குனிந்து நின்றவர், நிமிர இடம் தேடி வந்தது என் அக்காவின் ஜன்னலுக்குத்தானா? வேறு இடமே கிடைக்கவில்லையா?

முடிவு ஒரு சவரத்தில் வந்தது. முந்தின நாள் காதோரம் கீறிக்கொண்டுவிட்டதால், அன்று அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே குளியலறைக்குப் போனார். நான் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். ஒரு கன்னத்தில் நுரை போட்டார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது, விரலால் துடைத்தார். துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ஸ்டாப் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஸ்டாப்பைப் பார்த்தார். அம்மா இடுப்பில் இருந்த ஒரு பாப்பா அவரைப் பார்த்துக் கையை ஆட்டியது. தினமும் ஆட்டும் போலிருக்கிறது. அத்தானின் கை, பதிலுக்கு ஆட்டப் போகிற மாதிரி பாதி தூரம் எழுந்தது. அப்புறம் அவர் சட்டென்று கீழே உட்கார்ந்துவிட்டார். பூக்கள் மட்டும் தெரிந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை.

பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அத்தான் கூடத்தில் நின்றிருந்தார், அவசரத்தில் மாட்டிய சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. அக்கா எதிரே நின்றிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தினமும்... எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"அப்ப நீ குளிக்கும்போது?"

"நான் துண்டு மாட்டிக்குவேன்."

அத்தான் கன்னத்து நுரையைச் சட்டைக் கையால் துடைத்தார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

"நான் சொன்னதுல எதை நீங்க காதுல வாங்கியிருக்கீங்க?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "வெளிச்சம் வேணும்னு சொன்னேன். ஆளுங்க வர மாட்டேங்கறாங்கன்னு சொன்னேன். ஒரு விஷயம் இருக்கு, சொல்றேன்னும் சொன்னேன்."

அலமாரியைத் திறந்து கட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் திரும்பினார்.

"முதல்ல முன்னாடி," என்றாள் அக்கா.

"அங்க எல்லாரும்... அதை முதல்ல..."

"அங்க துண்டு இருக்கு. முதல்ல முன்னாடி."

வெளியிலிருந்து ஒட்டியதை வெளியிலிருந்துதான் பிரிக்க வேண்டும். அத்தான் தெருவில் இறங்கினார். தெருப்பக்க வெயிலில் அந்த ஃபிலிம் காய்ந்து மொறுமொறுப்பாகியிருந்தது, முழுசாக உரியவில்லை, துண்டு துண்டாக உடைந்து நகத்தோடு வந்தது. பசை அங்கேயே நின்றது. தண்ணீர் பீச்சினார், சுரண்டினார், மறுபடி பீச்சினார். பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். காலேஜ் பையன் ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நடந்தான். அத்தான் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்துகொண்டே போனது.

உள்ளே அக்கா போர்வையை எடுத்து மடித்து வைத்தாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு கறுப்புத் துணியை ஊசிக்கு அடியில் வைத்துக்கொண்டு, காத்திருந்தாள்.

ஒரு கை அகலத்துக்கு ஜன்னல் தெளிந்தது. வெயில் நேராக மெஷின் மேல் விழுந்தது. அக்கா நூலை உதட்டில் ஈரப்படுத்தி ஊசிக் காதுக்குக் கொண்டுபோனாள். வெளியே அத்தான் குனிந்து, அந்தத் தெளிந்த இடத்தில் முகத்தை வைத்து, அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. ஏதோ சொல்ல வந்தார், ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது.

அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். "வெளிச்சத்த மறைக்கிறீங்க."

அத்தான் தள்ளி நின்றார்.